வகுப்பில் புரிகிறது, வீட்டில் வரவில்லை: ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தை எப்படிப் படிப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: மகள் 9ஆம் வகுப்பு, தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டம். எட்டாவது வரை கணக்கில் தொண்ணூறுக்குக் குறையாதவள், இயற்கணிதம் வந்த காலாண்டுத் தேர்வில் 41 வாங்கியிருக்கிறாள். ஆசிரியர் கரும்பலகையில் போடும்போது எல்லாம் புரிகிறது என்கிறாள். வீட்டில் நோட்டைத் திறந்தால் முதல் வரியிலேயே நிற்கிறாள். தினம் எத்தனை மணி நேரம் உட்கார வைப்பது, டியூஷனில் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். நேரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும், புரிந்தது ஏன் கைக்கு வரவில்லை என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டும் எளிதாகிவிடும். (தமிழில் தட்டச்சுவதால், பாடநூலில் ஆங்கில எழுத்து வரும் இடத்தில் ப, ம என்று எழுதுகிறேன்.)

பலகையில் ஒரு கணக்கு நடக்கும்போது முடிவுகள் எல்லாவற்றையும் ஆசிரியரே எடுத்துவிடுகிறார். எந்த முற்றொருமையை (எந்த எண்ணை வைத்தாலும் பொருந்தும் சூத்திரத்தை) பயன்படுத்துவது, எந்த உறுப்பைப் பிரிப்பது, எந்தச் சமன்பாட்டை எந்த எண்ணால் பெருக்குவது எல்லாம் அவர் தீர்மானம். பார்க்கும் பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரே வேலை: மேல் வரியிலிருந்து கீழ் வரி சரியாக வந்திருக்கிறதா என்று தலையாட்டுவது. அவள் பொய் சொல்லவில்லை, அந்த வேலை அவளுக்கு உண்மையிலேயே புரிகிறது. வெற்றுத்தாளில் அடுத்த வரி எது என்று தானே தீர்மானிப்பது வேறு திறமை. அதை அவள் இன்னும் பழகவே இல்லை. கீழ் வகுப்புகளில் பெரும்பாலான கணக்குகள் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தாங்களே சொல்லிவிடும். 9ஆம் வகுப்புப் புத்தகத்தின் மூன்றாம் பாடத்திலோ மீதித் தேற்றம், காரணித் தேற்றம், முற்றொருமைகள், காரணிப்படுத்துதல், தொகுமுறை வகுத்தல், பிரதியிடல், நீக்கல், குறுக்குப் பெருக்கல் எல்லாம் ஒரே பாடத்துக்குள் வருகின்றன. ஒவ்வொரு கணக்கிலும் ‘இங்கே எது?’ என்ற தேர்வு இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். இயற்கணிதத்தில் தடுமாறும் பிள்ளைகளில் பலருக்குச் சிக்கல் இயற்கணிதத்தில் இருப்பதில்லை. எதிர் எண்களிலும் பின்னங்களிலும் இருக்கிறது. கால்குலேட்டர் இல்லாமல் 10 நிமிடத்தில் இவற்றைப் போடச் சொல்லுங்கள்: −7 − (−3), −4 × (6 − 9), (−3)² எவ்வளவு, −3² எவ்வளவு, 17 − 5 × 2 + 1, 2/3 − 5/4, 3/4 ÷ 6, பெருக்கினால் −24, கூட்டினால் −5 வரும் இரண்டு எண்கள். விடைகள் வரிசையாக −4, 12, 9, −9, 8, −7/12, 1/8; கடைசிக் கேள்வியின் இரண்டு எண்கள் −8, 3. ஒன்று தவறினால் பரவாயில்லை. மூன்று தவறினாலோ, எல்லாம் சரியாக வந்தும் 20 நிமிடம் ஆனாலோ, முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான். காரணிப்படுத்தும்போது மனம் முழுக்க ‘எட்டில் மூன்று போனால்’ என்பதிலேயே சிக்கிக்கொண்டால், முறையை யோசிக்க இடம் இருக்காது. தினமும் 10 நிமிடம் இந்த வகைக் கணக்குகள் மட்டும் போடட்டும். கூடவே 16 வரை வாய்ப்பாடும் 20 வரை வர்க்கங்களும் தயங்காமல் வர வேண்டும். 9ஆம் வகுப்பில் வாய்ப்பாடா என்று அவள் முகம் சுளிப்பாள். சுளிக்கட்டும்.

அடுத்தது, நம் வகுப்பறைகளில் காலங்காலமாகச் சொல்லப்படும் ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்ற வாய்பாடு. வேகத்துக்கு உதவும், ஆனால் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்தவர்களை இதுவே கவிழ்க்கிறது. 3ப = 12 என்றால், 3 அந்தப் பக்கம் போகிறது, குறி மாறுகிறது, ஆகவே ப = 12 − 3 = 9 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. −3ப = 12 என்றால் கழித்தல் குறியை வழியில் தொலைத்துவிட்டு ப = 4 என்பார்கள். சமன்பாடு ஒரு தராசு. ஒரு தட்டில் செய்ததை மறு தட்டிலும் செய்ய வேண்டும். ப + 3 = 12 என்பதில் இரு பக்கமும் 3ஐக் கழிக்கிறோம். 3ப = 12 என்பதில் 3 பெருக்கி நிற்பதால் இரு பக்கமும் 3ஆல் வகுக்கிறோம். இரண்டு வாரத்துக்கு ‘அந்தப் பக்கம் போகிறது’ என்ற பேச்சையே விட்டுவிட்டு, ஒவ்வொரு வரியின் வலது ஓரத்திலும் ‘இரு பக்கமும் 5 கூட்டினேன்’, ‘இரு பக்கமும் −3ஆல் வகுத்தேன்’ என்று பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். சலிப்பாக இருக்கும். பிறகு எழுதாமலே சரியாக வரும்.

அடைப்புக்குறிக்கு முன் வரும் கழித்தல் குறி அதைவிடப் பெரிய தொல்லை. 3ப − 2(ப − 5) = 17 என்ற கணக்கில் −2 உள்ளே போய் −5ஐயும் பெருக்க வேண்டும்: 3ப − 2ப + 10 = 17, ப = 7. அதை −10 என்று எழுதினால் ப = 27 வரும். 27ஐ முதல் வரியில் வைத்துப் பார்த்தால் 81 − 44 = 37; வர வேண்டியது 17. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகள் செய்வதில்லை. விடையை மூலச் சமன்பாட்டில் வைத்துப் பார்க்காமல் அடுத்த கணக்குக்குப் போகக்கூடாது என்பதை வீட்டில் சட்டமாகவே வைக்கலாம். இரு மாறிகள் உள்ள கணக்கு என்றால் இரண்டு சமன்பாடுகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் பார்த்தால் தவறான விடையும் தப்பிப் போகும்.

சமக்குறி இல்லாத வெறும் கோவைகளுக்கும் இதே சோதனை உண்டு. (ப + 3)² என்பதை ப² + 9 என்று எழுதிவிட்டாளா? ப = 1 வைத்தால் ஒரு பக்கம் 16, மறுபக்கம் 10. (ப + 6)/6 என்பதில் இரண்டு 6ஐயும் அடித்துவிட்டு ப என்றாளா? ப = 6 வைத்தால் 2க்கும் 6க்கும் ஒத்துப்போகாது. கூட்டி நிற்கும் உறுப்புகளை அடிக்க முடியாது, பெருக்கி நிற்கும் காரணிகளைத்தான் அடிக்க முடியும் என்று நூறு முறை சொல்வதைவிட இந்த ஒரு எண் அவளை நம்ப வைக்கும். ஒரு எச்சரிக்கை: சோதிக்க 0 வேண்டாம். முதல் உதாரணத்திலேயே ப = 0 வைத்தால் இரு பக்கமும் 9 வந்து, தவறு சரி போலத் தெரியும். 1ம் சில இடங்களில் ஏமாற்றும், ஏனென்றால் ப, ப², ப³ எல்லாமே அங்கே ஒன்றுதான். 2, 3 போன்ற எண்கள் நல்லவை. இன்னொரு குழப்பம், கோவையையும் சமன்பாட்டையும் கலந்துவிடுவது. ப/2 + ப/3 என்பதைச் சுருக்கச் சொன்னால் 6ஆல் பெருக்கி 5ப என்று எழுதுகிறார்கள். சமக்குறியே இல்லாத இடத்தில் எதையும் பெருக்கித் தள்ள முடியாது, விடை 5ப/6. ப² = 9ப என்பதை இரு பக்கமும் பஆல் வகுத்து 9 மட்டும் எழுதினால் 0 என்ற தீர்வு காணாமல் போகும் என்பதையும் இப்போதே சொல்லி வையுங்கள்; பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு வரும்போது தேவைப்படும்.

இனிப் படிக்கும் முறை. இதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன். புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், ஒரே நாளில் குவிக்காமல் பல நாள்களுக்குப் பரப்பிப் படிப்பதும் பலன் தரும் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஜான் டன்லாஸ்கி குழுவினர் 2013இல் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, அதிகப் பயன் உள்ளவை என்று இந்த இரண்டை மட்டுமே குறித்தார்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதும் அடிக்கோடு இடுவதும் குறைந்த பயன் பட்டியலில் போயின. வகை வகையாகக் கலந்து பயிற்சி செய்வதற்கு நடுத்தர இடம் கிடைத்தது. இயற்கணிதத்தை வைத்தே ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரகாம் கூப்பரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தீர்த்துக் காட்டிய ஓர் உதாரணத்தைப் படித்து உடனே அதே போன்ற ஒரு கணக்கைப் போட்ட மாணவர்கள், எல்லாவற்றையும் தாங்களே முட்டிமோதிப் போட்டவர்களைவிட அதே வகைக் கணக்குகளை விரைவாக, குறைந்த பிழையோடு செய்தார்கள். மாறுபட்ட வகைக் கணக்குகளில் அந்த அனுகூலம் தெரியவில்லை. அதாவது உதாரணம் தொடக்கத்துக்கு நல்லது, ஆனால் அதோடு நிறுத்தினால் போதாது.

வீட்டில் இதை இப்படிச் செய்யலாம். பாடநூலில் ஓர் ‘எடுத்துக்காட்டை’ எடுத்து, ஒவ்வொரு வரியிலும் ‘இது ஏன்?’ என்று வாய்விட்டுச் சொல்லியபடி ஒருமுறை படிக்கட்டும். புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் அதே கணக்கைப் போடட்டும். நடுவில் நின்றால் திறந்து, நின்ற வரியை மட்டும் பார்த்துவிட்டு, மூடி, முதலிலிருந்து மறுபடி. முடித்ததும் எண்களை மாற்றிக்கொண்டு ஒன்று. ப³ − 7ப + 6ஐ (ப − 1)ஆல் தொகுமுறையில் (ப-வை விட்டுவிட்டு, முன்னால் நிற்கும் எண்களை மட்டும் எழுதி) வகுக்கும் கணக்கு என்றால், ப² உறுப்பு இல்லாத இடத்தில் 0 போட்டு 1, 0, −7, 6 என்று எழுத வேண்டும் என்பது பார்க்கும்போது சாதாரணமாகத் தெரியும். மூடிவிட்டுப் போடும்போதுதான் அந்த 0ஐ மறந்தது வெளிவரும். சரியாகப் போட்டால் ஈவு ப² + ப − 6, மீதி 0. அதிலிருந்து (ப − 1)(ப + 3)(ப − 2) என்று காரணிகள் கிடைக்கும். மீதித் தேற்றத்தில் இன்னொரு வழக்கமான சறுக்கல் உண்டு. (ப + 2)ஆல் வகுத்தால் வரும் மீதியை, வகுக்காமலே ப = −2 வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் அடைப்புக்குறியோடு: 3ப² − 4ப + 1 என்றால் மீதி 3(−2)² − 4(−2) + 1 = 12 + 8 + 1 = 21. அடைப்புக்குறி போடாமல் எதிர் எண்ணைப் பிரதியிடும் பழக்கம் இருந்தால் அதை இந்த வருடமே வெட்டிவிட வேண்டும்.

நேரம் என்று கேட்டால், வாரத்தில் 5 அல்லது 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் போதும் என்பது என் கணிப்பு. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது நிச்சயம் மேல். முதல் 10 நிமிடம் எதிர் எண், பின்னம் (சோதனையில் தேறியிருந்தால் இது தேவையில்லை, அந்த நேரத்தைப் புதிய பாடத்துக்குக் கொடுங்கள்). அடுத்த 20 நிமிடம் அன்று வகுப்பில் நடந்தது, மேலே சொன்ன முறையில். அன்றே செய்ய வேண்டும், மறுநாள் தள்ளினால் பாதி நேரம் நினைவுபடுத்துவதிலேயே போகும். கடைசி 10 நிமிடம் பழைய கணக்குகள்: போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று, கலந்து. பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போவது இந்தக் கடைசிப் பகுதிதான்.

ஏன் கலக்க வேண்டும்? பாடநூலின் ஒவ்வொரு பயிற்சியும் அநேகமாக ஒரே வகைக் கணக்குகளால் ஆனது. நீக்கல் முறைப் பயிற்சியில் உட்கார்ந்தால் எல்லாமே நீக்கல் முறை. தலைப்பே விடையில் பாதியைச் சொல்லிவிடுகிறது. தேர்வுத்தாளில் தலைப்பு இருக்காது. சனிக்கிழமை நீங்களே பாடத்தைப் புரட்டி, வெவ்வேறு பயிற்சிகளிலிருந்து 8 கணக்குகளை எண் மட்டும் குறித்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். உங்களுக்கு இயற்கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவள் முதலில் எதையும் போடாமல், எட்டுக்கும் எந்த முறை என்று மட்டும் பக்கத்தில் எழுதட்டும். பிறகு போடட்டும். முதல் சில வாரம் மதிப்பெண் குறைவாக வரும், மனம் தளருவாள். கலந்து படிக்கும்போது அப்படித்தான் தோன்றும், பயப்பட வேண்டாம்.

தவறுகளுக்குத் தனியாக ஒரு சின்ன நோட்டு தேவை. தவறிய கணக்கு முழுவதையும் அழகாகத் திரும்ப எழுதுவதில் பயனில்லை. தவறிய வரி, சரியான வரி, காரணம் ஒரு சொல்லில், அவ்வளவுதான். காரணங்கள் மூன்று வகைக்குள் அடங்கிவிடும்: குறியோ எண்ணோ பிசகியது, விதி தெரியாதது, கேள்வியைத் தவறாகப் படித்தது. இரண்டு வாரம் கழித்து எண்ணிப் பாருங்கள். குறிப்பிழை அதிகம் என்றால் மருந்து மெதுவாக எழுதுவதும் அடைப்புக்குறியும். விதி தெரியாதது அதிகம் என்றால் உதாரணங்களுக்குத் திரும்ப வேண்டும். ‘கவனக்குறைவு’ என்று எழுத மட்டும் விடாதீர்கள், அது எதையும் சொல்லாத சொல். எழுதும் முறையும் பார்க்க வேண்டியது: ஒரு வரிக்கு ஒரு படி, சமக்குறிகள் ஒன்றன் கீழ் ஒன்று. ‘3ப = 12 = ப = 4’ என்று நீட்டி எழுதினால் 12ம் 4ம் சமம் என்று அவளே எழுதிக் கொடுத்ததாகிறது.

வார்த்தைக் கணக்குகளில் கணக்கைவிட வாசிப்புதான் சோதனை. தந்தையின் வயது மகனின் வயதைப்போல் 3 மடங்கு. 12 ஆண்டுகளுக்குப் பின் 2 மடங்கு. இப்போது வயது என்ன? பிள்ளைகள் 3ப + 12 = 2ப + 12 என்று எழுதி ப = 0 என்று கொண்டுவருவார்கள். மகனுக்கு 0 வயது, தந்தைக்கும் 0 வயது! 12 ஆண்டுகள் மகனுக்கும் ஓடும், அந்தக் கூடிய வயதைத்தான் இரட்டிக்க வேண்டும்: 3ப + 12 = 2(ப + 12), ப = 12, தந்தைக்கு 36. எழுதும் முன் ஒரு சின்ன அட்டவணை போடுவது நல்லது: இரண்டு வரிசை தந்தை, மகன், இரண்டு நெடுவரிசை இன்று, 12 ஆண்டுக்குப் பின். நான்கு கட்டங்களையும் நிரப்பிவிட்டால் சமன்பாடு அநேகமாகத் தானே வரும். ‘ஓர் எண் மற்றோர் எண்ணின் இரு மடங்கைவிட 5 குறைவு’ போன்ற வாக்கியங்களில் ப = 2ம − 5 என்பதற்குப் பதிலாக 2ம = ப − 5 என்று கவிழ்த்து எழுதுவதும் வழக்கம். ம = 10 என்றால் ப எவ்வளவு என்று கேளுங்கள். 15 என்று உடனே சொல்வாள். எந்தச் சமன்பாட்டில் 15 வருகிறது என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

வகுப்பில் அவளிடம் எதிர்பார்க்கப்படுவது அதிகமில்லை. ஆசிரியர் அடுத்த வரியை எழுதும் முன் அது என்னவாக இருக்கும் என்று நோட்டின் ஓரத்தில் தானே எழுதிப் பார்க்க வேண்டும். முடிவெடுக்கும் பயிற்சி வகுப்பிலேயே தொடங்கிவிடும். சந்தேகம் கேட்கும்போது ‘இந்தக் கணக்கு புரியல சார்’ என்றால் அவர் முழுவதையும் மறுபடி போடுவார், அவள் மறுபடி தலையாட்டுவாள். ‘மூன்றாவது வரியிலிருந்து நாலாவது வரி எப்படி வந்தது’ என்று கேட்கப் பழக்குங்கள். கைடு வீட்டில் இருந்தால், கணக்கைப் போட்டு முடித்த பிறகு விடை சரிபார்க்க மட்டும் அது மேசைக்கு வரட்டும்.

அடுத்த ஆண்டுக்காக ஒரு தகவல். 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வில் 100 மதிப்பெண் இப்படிப் பிரிகிறது: 1 மதிப்பெண் வினா 14, 2 மதிப்பெண் வினா 14இல் 10, 5 மதிப்பெண் வினா 14இல் 10, 8 மதிப்பெண்ணுக்கு வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. அந்த வரைபடம் இயற்கணிதப் பாடத்திலிருந்து வருவது. 5 மதிப்பெண் வினாவில் படிகளுக்கு மதிப்பெண் உண்டு என்பதால் வரி வரியாக எழுதும் பழக்கம் அங்கே நேரடியாகக் காசாகும்.

உறுதியாகச் சொல்ல முடியாதவை சில உண்டு. அவள் நோட்டைப் பார்க்காமல், 41க்குக் காரணம் மேலே சொன்னவற்றில் எது என்று தீர்மானிக்க முடியாது. எண் அடிப்படையில் ஓட்டை இருந்தால் அது அடைபட ஒன்றிரண்டு மாதம் ஆகும் என்பது என் மதிப்பீடு மட்டுமே. பிள்ளைக்குப் பிள்ளை மாறும். எட்டாவது வரை நன்றாகச் செய்தவளுக்குக் கணிதம் சார்ந்த கற்றல் குறைபாடு இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் பலகையிலிருந்து 6ஐ 8 என்றும், கழித்தல் குறியை விட்டும் எழுதி வருகிறாள் என்றால் கண் பரிசோதனை செய்துவிடுங்கள்; இந்த வயதில் கிட்டப்பார்வை பரவலாகத் தலைகாட்டும், பிள்ளைகள் சொல்வதும் இல்லை.

டியூஷன் பற்றி: அங்கேயும் ஒருவர் பலகையில் போட, முப்பது பேர் பார்த்து எழுதுகிறார்கள் என்றால் வகுப்பில் நடப்பதே இன்னொரு முறை நடக்கும், மாலையும் போய்விடும். நான்கைந்து பேர் மட்டும் உட்கார்ந்து, பிள்ளைகள் போட, ஆசிரியர் பார்த்துத் திருத்தும் இடம் கிடைத்தால் சேர்க்கலாம். சேர்க்கும் முன் ஒரு மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். யாருடைய கை அதிகம் எழுதுகிறது என்று பார்த்தால் போதும். அதுவரை ஆறு வாரம் வீட்டு முறையை நடத்திவிட்டு, தவறு நோட்டை எடுத்துக்கொண்டு பள்ளியில் அவளுடைய கணக்கு ஆசிரியரைப் பாருங்கள். ‘மார்க் ஏன் குறைந்தது’ என்று கேட்பதைவிட, ‘இந்தத் தவறு அடிக்கடி வருகிறது, எந்தப் பயிற்சியிலிருந்து திரும்பப் போடச் சொல்லலாம்’ என்று கேட்டால் அவரால் பயிற்சி எண்ணோடு பதில் சொல்ல முடியும்.